ஆறாம் வகுப்பில் வாசிக்க மறுக்கும் பிள்ளைகள்: ஸ்மார்ட் போர்டு உதவுமா?

தமிழ் டீச்சர்:
அரசுப் பள்ளி, ஆறாம் வகுப்பு. நாலைந்து பேர் புத்தகத்தைத் திறந்தாலே தண்ணீர் குடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். ஸ்மார்ட் போர்டில் இதுவரை வீடியோதான் போடுகிறோம். வாசிக்க வைக்க வேறு வழி உண்டா?

கரும்பலகை:
ஸ்டோரிவீவர் பாருங்கள் டீச்சர். பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-ல் தொடங்கிய கதை இணையதளம் அது, தமிழ்க் கதைகள் வாசிப்பு நிலைவாரியாக இலவசமாகவே கிடைக்கும். ஆனால் ஆறாவது படிக்கிற பையனுக்கு சின்னப் பிள்ளைகளுக்கான முதல் நிலைக் கதையை எல்லார் முன்னாலும் போட்டால் மானம் போச்சு என்று வாயே திறக்க மாட்டான், அதனால் அங்குள்ள படங்களை மட்டும் எடுத்து அவர்களையே கதை எழுதச் சொல்லுங்கள். தன் கதை போர்டில் வந்தால் வாசிக்காமல் இருப்பானா?

மாலை வகுப்பு:
கூகுளின் ரீட் அலாங் என்ற வாசிப்புச் செயலியும் இருக்கிறது. 2019-ல் போலோ என்ற பெயரில் வந்ததுதான். பிள்ளை சத்தமாக வாசிக்க, செயலியில் வரும் தியா என்ற உதவிக் குரல் கேட்டுக்கொண்டிருக்கும், தடுமாறும் சொல்லைத் தட்டினால் சொல்லிக் காட்டும். வகுப்புச் சத்தத்தில் மைக் குழம்பிவிடும், வராந்தாவில் உட்கார வையுங்கள்.

கணக்கு வாத்தியார்:
அந்தச் செயலி பரிசாகத் தரும் நட்சத்திரம் சேர்க்கவே ஒரே கதையை நாலு தடவை வாசிப்பார்கள், உஷார்! என் வகுப்பில் எடுபட்டது பாட்டு. வரிகள் ஓடும் பாடலைப் போட்டு, நடுவில் ஒலியை மட்டும் நிறுத்திவிடுவேன், மீதி வரியை அவர்களே வாசித்துப் பாட வேண்டும்.

தமிழ் டீச்சர்:
சரி சார், திங்கட்கிழமை பாட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.