இம்ப்ரெசாவுக்கு நாலு பிஸ்டன் கெலிப்பர்: குடும்பக் குரூப்பில்

நானுஓயா தம்பி: மாமா, அத்தான், கெலிப்பர் வந்துருச்சு, அதான் பிரேக் பேட்டால டிஸ்க்கக் கவ்வுற பாகம். கொழும்பு பஞ்சிகாவத்தையில எடுத்தது, ஜப்பான்ல கழட்டுன சுபாரு நாலு பிஸ்டன், முன்னுக்கு ஒரு சோடி. இப்ப வண்டியில இருக்குறது 277 மி.மீ டிஸ்க், ஒரு பக்கம் மட்டும் பிஸ்டன் உள்ள கெலிப்பர். ஞாயித்துக்கெழம வீட்டுலயே மாட்டப் போறேன். வேற என்ன வாங்கி வைக்கணும்?

ஹட்டன் மாமா: டிஸ்க் எடுத்தியா? இந்தக் கெலிப்பருக்கு 294 மி.மீ டிஸ்க் வேணும், கனம் 24. பழைய 277ஐ வச்சே மாட்டுனா பேட் டிஸ்க்கோட ஓரத்தத் தாண்டி எட்டு மி.மீக்கு மேல வெளிய நிக்கும். உள்பக்கம் தேயும், வெளிப்பக்கம் தேயாது, கடைசியில பேட் டிஸ்க் ஓரத்துல கவ்விக்கும்.

நானுஓயா தம்பி: டிஸ்க் 294 எடுத்துட்டேன் மாமா, புதுசு. பேட்டும் புதுசு.

ஹட்டன் மாமா: அப்ப மிச்சத்தக் குறிச்சுக்க. பேட் பின்னும் ஸ்பிரிங்கும் ரெண்டு பக்கத்துக்கும் புதுசு. செப்பு வொஷர் நாலு வேணும், ஆறா வாங்கு. டொட் 4 பிரேக் ஒயில் ஒரு லீற்றர், சீல் உடைக்காத டின். பிரேக் கிளீனர் ரெண்டு டின். கெலிப்பர்ல காத்து வெளிய எடுக்குற நிப்பிள்ல இறுக்கமா ஏறுற, உள்ள தெரியுற பிளாஸ்டிக் டியூப் ஒரு மீற்றர். சிலிக்கன் கிரீஸ் கொஞ்சம். அளவு பாத்து இறுக்குற டோர்க் ரென்ச் என்கிட்ட இருக்கு, கொண்டு வாறேன்.

பண்டாரவளை அத்தான்: ரிம் எத்தனை இஞ்சி? 15ன்னா அனேகமா இடிக்கும். 16லயும் டிசைனப் பாக்கணும், உள் விட்டம் மட்டும் போதாது, ஸ்போக் உள்பக்கமா வளைஞ்சிருந்தா கெலிப்பரோட முகத்துல உரசும்.

நானுஓயா தம்பி: 16 அத்தான்.

பண்டாரவளை அத்தான்: சரி. கெலிப்பரையும் டிஸ்க்கையும் சும்மா மாட்டி, பிரேக் ஒயில் ஹோஸ் கழட்டுறதுக்கு முந்தியே ரிம்மப் போட்டு நட் இறுக்கிக் கையால சுத்திப் பாரு. எங்க கிட்ட வருதோ அங்க பிளாஸ்டிசின் உருண்டை ஒட்டிச் சுத்துனா எவ்வளவு இடம் இருக்குன்னு தெரியும். 3 மி.மீக்குக் கொறஞ்சா மாட்டாத. இன்னொன்னு, பேலன்சிங் செய்யுறப்ப ரிம்முக்கு உள்ள ஒட்டுற ஈயக்கட்டி இருக்கே, அது பழைய கெலிப்பருக்கு இடிக்காது, புதுசுக்கு இடிக்கும். மொத ஓட்டத்துலயே சீவி எறிஞ்சிரும், அப்புறம் ஸ்டியரிங் ஆடுதுன்னு எதையெதையோ தேடணும். கட்டிய வேற இடத்துக்கு மாத்தச் சொல்லு.

சித்தி: எனக்கு ஒண்ணு சொல்லுங்க. இதப் போட்டா கம்பளைக்குப் போற றம்பொடை இறக்கத்துல பிரேக் புடிக்காமப் போற பயம் இருக்காதா?

கண்டி அக்கா: அப்படி இல்ல சித்தி, அதச் சரியா வெளங்கிக்கணும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கருந்து கம்பளைக்கு எறங்குறப்ப சுமார் 1,400 மீற்றர் கீழ வாறோம். ஆளோட சேத்து 1,400 கிலோ வண்டின்னா, அந்த எறக்கத்துல வெளியேத்த வேண்டிய சக்தி கிட்டத்தட்ட 19 மெகாஜூல். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்துல இருந்து ஒரு தடவ நிப்பாட்டுனா அரை மெகாஜூலுக்குக் கொஞ்சம் மேல. அதாவது முழுச் சுமையையும் பிரேக் மேலயே போட்டா, 100ல இருந்து 35 தடவ நிப்பாட்டுன சூடு. எந்தக் கெலிப்பர் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

கண்டி அக்கா: பெரிய டிஸ்க் கூடுதல் சூட்டத் தாங்கும், சீக்கிரம் ஆறும். நாலு பிஸ்டன் கெலிப்பர் அவ்வளவா விரியாது, பேட்ட ரெண்டு பக்கமும் சமமா அமுக்கும், பேட்டும் பெருசு. அவ்வளவுதான். சூட்டக் கொறைக்கிறது கியர்தான். ரெண்டாவது, மூணாவது கியர்ல எஞ்சினே வண்டியப் புடிக்கணும்.

ஹட்டன் மாமா: அக்கா சொன்னதோட ஒயிலையும் சேத்துக்கங்க. எறக்கத்துல பெடல் திடீர்னு பலகை வரைக்கும் போகுதுன்னா பெரும்பாலும் ஒயில் கொதிச்சிருக்கு. கொதிச்சா ஆவி, ஆவி அமுங்கும், பேட்டுக்கு அழுத்தம் போகாது. டொட் 3 புதுசா இருக்கப்ப 205 பாகை, ஈரம் புடிச்சா 140. டொட் 4 புதுசு 230, ஈரத்தோட 155. டொட் 5.1ன்னா 260, 180. நம்ம ஊர் பனிக்கும் மழைக்கும் ரெண்டு வருசத்துக்கு மேல ஒயில விட்டு வைக்கக் கூடாது. டொட் 5னு வெறுமனே போட்டிருந்தா தொடாத, அது சிலிக்கன், இதோட சேராது.

நானுஓயா தம்பி: 5.1 ஊத்தலாமா மாமா?

ஹட்டன் மாமா: ஊத்தலாம், 4ஓட சேரும். ஆனா நல்ல டொட் 4 ஊத்தி ஒழுங்கா மாத்துறதே போதும்.

பண்டாரவளை அத்தான்: பெரிய கெலிப்பர்னா பெடல் அமுக்குனா ஒயிலத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டரையும் மாத்தணுமா? பெடல் கீழ போயிருமோ?

கண்டி அக்கா: பிஸ்டன அளந்தாத் தெரியும். வெர்னியரால விட்டத்த எடுங்க. ஒரு பக்கம் மட்டும் பிஸ்டன் உள்ள நகர்ற கெலிப்பர்ல இருக்குற எல்லாப் பிஸ்டனையும் கூட்டணும், ரெண்டு பக்கமும் பிஸ்டன் உள்ளதுல ஒரு பக்கத்த மட்டும் எடுக்கணும். இங்கதான் நெறையப் பேர் நாலையும் கூட்டிட்டு ரெண்டு மடங்குன்னு நெனைக்கிறாங்க. உதாரணத்துக்கு 54 மி.மீ ஒத்தப் பிஸ்டன்னா 22.9 சதுர செ.மீ. 40 மி.மீல நாலுன்னா பக்கத்துக்கு ரெண்டு, 25.1. பத்து வீதம் கூட. பெடலும் அதுக்கேத்த மாதிரிக் கொஞ்சம் கீழ போகும், மாஸ்டர் மாத்தத் தேவையில்ல. டிஸ்க் பெருசானதுல இன்னும் ஏழு வீதம் சேரும். முன்பக்கம் இவ்வளவு கூடுறது பரவாயில்ல. பின்னுக்கு நல்ல பேட் இல்லாம முன்னுக்கு மட்டும் இதவிடப் பெருசாப் போனா, முன் டயர் லொக் ஆகிப் பின் பிரேக் வேலையே செய்யாது.

ஹட்டன் மாமா: தம்பி, பழைய கெலிப்பர்னு சொன்னியே, பிஸ்டன் நகருதான்னு பாத்தியா?

நானுஓயா தம்பி: இல்ல மாமா. வெளிய சுத்தமா இருக்கு, பெயின்ட் அடிச்சிருக்கு.

ஹட்டன் மாமா: பெயின்ட நம்பாத. பிஸ்டன் ஓரத்துல தூசி போகாம மூடுற ரப்பர், டஸ்ட் பூட், அதத் தூக்கி உள்ள பாரு. ஹோஸ் ஓட்டையில காத்து குடு, நடுவுல ஒரு பலகைத் துண்டு வை, விரல வைக்காத, பிஸ்டன் பாஞ்சு வந்தா நசுக்கிரும். நாலும் ஒரே மாதிரி வரணும். ஒண்ணு மட்டும் நிக்குதுன்னா அங்க துரு. மேல குரோம்ல நகத்தால தடவிப் பாரு, சொரசொரன்னு குழி தட்டுனா அந்தப் பிஸ்டன் வேணாம். ரெண்டு கெலிப்பருக்கும் சீல் கிட் புதுசாப் போட்டுரு, பழச மறுபடி போடாத. அந்த சீல், பிஸ்டனச் சுத்தி இருக்குற சதுர ரப்பர்தான் பெடல விட்டதும் பிஸ்டனப் பின்னுக்கு இழுக்குறது. அது காஞ்சிருந்தா பேட் உரசிக்கிட்டே இருக்கும், ஒரு பக்க டிஸ்க் மட்டும் கொதிக்கும்.

ஹட்டன் மாமா: முக்கியமா, மண்ணெண்ணெய், பெற்றோல், எஞ்சின் ஒயில் எதுலயும் கழுவாத. அந்த ரப்பர் ஊதிப் பெருத்துப் பிஸ்டன இறுக்கிரும். பிரேக் கிளீனர், இல்லன்னா புது பிரேக் ஒயில். சீல் மாட்டுறப்பயும் பிரேக் ஒயில் தடவித்தான் மாட்டணும்.

பண்டாரவளை அத்தான்: வண்டிய எங்க தூக்கப் போற? உங்க வீட்டு முத்தம் சரிவாச்சே.

நானுஓயா தம்பி: கீழ கோயில் பக்கம் சிமெந்துத் தளம் இருக்கு அத்தான், மட்டமா இருக்கும்.

பண்டாரவளை அத்தான்: அங்கயே செய். பின் சில்லு ரெண்டுக்கும் முன்னயும் பின்னயும் கட்டை, ஹேண்ட் பிரேக், கியர். நட்ட தரையிலயே இளக்கிட்டுத் தூக்கு. ஜக் தூக்குறதுக்கு மட்டும், நிக்கிறது ஸ்டாண்ட்ல. செங்கல், பிளொக் கல் வேணாம், சொல்லாம நொறுங்கிரும்.

ஹட்டன் மாமா: ஹோஸ் கழட்டுறதுக்கு முந்தி ஒரு வேலை. பெடல ரெண்டு மூணு செ.மீ அமுக்கி, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவுல ஒரு கம்ப முட்டுக் குடுத்து வை. மாஸ்டர்ல ஒயில் எறங்குற ஓட்டை மூடிக்கும், பிரேக் ஒயில் டேங்க் காலியாகாது. பிரேக் லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கும், பெற்றரிக் கம்பியக் கழட்டிரு. டேங்க் காலியாகி சில்லு லொக் ஆகாமப் பாக்குற ஏபிஎஸ் பெட்டிக்குள்ள காத்து போச்சுன்னா, ஸ்கேனர் போட்டுப் பம்ப ஓட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

நானுஓயா தம்பி: பழைய டிஸ்க் வரலன்னா?

ஹட்டன் மாமா: நடு மூஞ்சியில எட்டு மி.மீ மறை உள்ள ஓட்டை ரெண்டு இருக்கும். அதுல போல்ட்டப் போட்டு மாறி மாறி இறுக்கு, தானா வெளிய வரும். சுத்தியலால அடிக்காத, பெயரிங் போயிரும். புது டிஸ்க் போடுறதுக்கு முந்தி ஹப் முகத்தக் கம்பி பிரஷ்ஷால வெள்ளையாகுற வரைக்கும் தேய். அங்க ஒரு துளி துரு நின்னாலும் ஓரத்துல டிஸ்க் ஆடும், கொஞ்ச நாள்ல பெடல் துடிக்கும். புது டிஸ்க்குல தடவியிருக்குற எண்ணெயையும் கிளீனரால தொடச்சிரு.

பண்டாரவளை அத்தான்: டிஸ்க்குக்குப் பின்னால உள்ள தகரம் 277க்கு அடிச்சது. 294 போட்டா உரசும். வெளிப்பக்கமா வளை, போதாட்டி ஓரத்த வெட்டு. வெட்டுன எடத்துக்குப் பெயின்ட் அடி, இல்லன்னா நம்ம மழைக்கு ஆறு மாசத்துல துரு தின்னுரும்.

ஹட்டன் மாமா: கெலிப்பர் போல்ட் ரெண்டு, 17 சொக்கெட், 80 நியூட்டன் மீற்றர். ஹோஸ் போல்ட் 18தான், அதுக்கு மேல போகாத, உள்ள ஓட்டை இருக்குற போல்ட், முறிஞ்சிரும். வொஷர் ஹோஸ் காதுக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. நிப்பிளுக்கு 8 நியூட்டன் மீற்றர். ஹோஸ் முறுக்காம இருக்கான்னு ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுப் பாரு, சில்லு தொங்குற நிலையிலயும் பாரு.

ஹட்டன் மாமா: இதக் கவனமாக் கேளு. இடத்தையும் வலத்தையும் மாத்தி மாட்டிராத. போல்ட் ரெண்டு பக்கமும் ஏறும், அதனால மாறுனது தெரியாது. நிப்பிள் மேல இருக்கணும். கீழ இருந்தா காத்து மேலயே தங்கிரும், எத்தனை லீற்றர் ஊத்தி எடுத்தாலும் பெடல் பஞ்சு மாதிரித்தான் இருக்கும்.

நானுஓயா தம்பி: பிரேக் லைன்ல காத்து எடுக்க அண்ணியக் கூப்பிட்டிருக்கேன், அவங்க பெடல் அமுக்குவாங்க.

கண்டி அக்கா: பெடலுக்கு அடியில ஒரு மரக்கட்டை வைங்க, பாதிக்கு மேல போகக் கூடாது. பழைய மாஸ்டர் சிலிண்டர்ல அடிப்பக்கம் துரு புடிச்சிருக்கும், ரப்பர் அங்க போகாமலே வருசக்கணக்கா ஓடியிருக்கும். ஒரேயடியா அடி வரைக்கும் அமுக்குனா ரப்பர் கிழியும்.

ஹட்டன் மாமா: டியூப்போட மறு முனை போத்தல்ல ஒயிலுக்குள்ள மூழ்கி இருக்கணும். அமுக்கு, நிப்பிளத் திற, மூடு, அப்புறம்தான் பெடல விடு. மூடாம விட்டா வெளிய போன காத்தே திரும்பி வரும். கெலிப்பர ரப்பர் சுத்தியலால தட்டு, ஒட்டுன குமிழி கிளம்பும். முன் ரெண்டும் தெளிவா வந்த பெறகு நாலு சில்லுலயும் எடு, பின் லைன்ல பழைய ஒயில விட்டு வைக்காத. பெயின்ட்ல சிந்துனா உடனே தண்ணி ஊத்து.

நானுஓயா தம்பி: சரியா வந்துருச்சுன்னு எப்படித் தெரியும்?

பண்டாரவளை அத்தான்: எஞ்சின் ஓஃப். மொத பெடல் அடி வரைக்கும் போகும், பிஸ்டன் பின்னுக்கு இருக்குறதால. கெட்டியாகுற வரைக்கும் பம்ப் பண்ணு. இதச் செய்யாம வண்டிய நகத்தவே கூடாது. கெட்டியானதும் ஒரு நிமிசம் அழுத்திப் புடி, எறங்குனா எங்கயோ ஒழுகுது, வொஷரப் பாரு. அப்புறம் எஞ்சின ஸ்டார்ட் பண்ணு, கொஞ்சம் கீழ போய் நிக்கும், அது பெடல் அமுக்க உதவுற பூஸ்டர், பயப்படாத.

கண்டி அக்கா: நுவரெலியாவுல காத்தழுத்தமே கடல் மட்டத்தவிட ஐந்துல ஒண்ணு கொறைவு. பூஸ்டர் அந்த அழுத்தத்த வச்சுத்தான் உதவுது. கொழும்புல ஓட்டுற அதே வண்டியில அங்க பெடல் கொஞ்சம் கனமா இருக்கும், அது பழுது இல்ல.

பண்டாரவளை அத்தான்: பேட் எந்த வகை? மஹகஸ்தோட்ட ஹில் கிளைம்ப்ல போடுற மாதிரி ரேஸ் பேட்டுன்னா வேணாம். அது சூடேறுனாத்தான் புடிக்கும். பத்துப் பாகைக் குளிர்ல காலையில மொத வளைவுலயே வழுக்கும்.

நானுஓயா தம்பி: ரோட் பேட்தான் அத்தான்.

பண்டாரவளை அத்தான்: நல்லது. புதுப் பேட்ட டிஸ்க்கோட படிய வைக்க ரதல்ல குறுக்கு வீதிப் பக்கம் போகாத, அது செங்குத்து. பட்டிப்பொல, அம்பேவெல பக்கம் மட்டமான துண்டு இருக்கு, பனி விலகுன நேரத்துல, பின்னால வண்டி இல்லாதப்ப. 60ல இருந்து 10 வரைக்கும் எட்டுப் பத்துத் தடவ, முழுசா நிப்பாட்டாம, நடுவுல கொஞ்சம் ஓட விட்டு. பெறகு பிரேக் தொடாம ஒரு பத்து நிமிசம் ஓட்டு. சூடா இருக்குறப்ப பெடல அமுக்கிக்கிட்டு நின்னா பேட் அந்த இடத்துலயே டிஸ்க்குல ஒட்டித் தடம் விழும்.

ஹட்டன் மாமா: வந்து நிப்பாட்டுனதும் ரெண்டு பக்க டிஸ்க்குக்கும் பக்கத்துல கைய வச்சுப் பாரு, தொடாத. ஒண்ணு மட்டும் அனலா அடிச்சா அந்தப் பக்கப் பிஸ்டன் திரும்பலன்னு அர்த்தம். ஆறுன பெறகு நட்ட மறுபடி டோர்க் ரென்ச்ல பாத்துருவோம். ஞாயித்துக்கெழம ஏழு மணிக்கு வாறேன், கம்பி பிரஷ்ஷ எடுத்து வை.