ராத்திரி 1 மணித் தூக்கத்தை 10:30க்குக் கொண்டுவர என்ன வழி?

கேள்வி: தூங்க 1 மணி ஆகுது, எழ 8. காலை 5:30க்கு எழுந்து நடக்கப் போகணும். அலாரத்தை அணைச்சிட்டு மறுபடி தூக்கம். எங்கே ஆரம்பிக்கலாம்?

பதில் 1: படுக்கிற நேரத்தை விடுங்க, எழுற நேரத்தைப் பிடிங்க. முதல்ல 7:45. மூணு நாள் நிலைச்சதும் இன்னொரு 15 நிமிஷம். ஒரேயடியா 5:30க்குத் தாவினா தூக்கம் பத்தாம நாலே நாள்ல விட்டுடுவீங்க. எழுந்ததும் மொட்டை மாடியில 20 நிமிஷம் நில்லுங்க. உடம்புக் கடிகாரத்தை முன்கூட்டி இழுக்கிறது அந்தக் காலை வெளிச்சம்தான், டியூப்லைட் போதாது.

பதில் 2: காபி! காஃபீன்ல ஏறக்குறைய பாதி, 5 மணி நேரம் கழிச்சும் ரத்தத்துல இருக்கும். மதியம் 2க்கு மேல காபி, ஸ்ட்ராங் டீ வேண்டாம்.

பதில் 3: போன் சார்ஜரை ஹாலுக்கு மாத்துங்க. அலாரம் கடிகாரம் கை எட்டாத தூரத்துல. ஞாயிற்றுக்கிழமையும் அரை மணிக்கு மேல தள்ளாதீங்க. 9 வரை தூங்கினா அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராது, திங்கள் காலை பழைய கதைதான்.