பழைய பங்களா மர்மப் படங்கள்ல கடைசியில பேயே இல்லன்னு தெரிஞ்சும் ஏன் விட முடியல?

மூடுபனி_ரசிகை:

வணக்கம் மக்களே, பினாங்கு ஆயர் ஈத்தாம்லருந்து எழுதுறேன். எனக்கு இந்த பழைய காலத்து மர்மப் படம்னா உயிரு. மூடுபனி, ஆளில்லாத ரோட்டுல குதிரை வண்டி, பெரிய பங்களா, அந்த குடும்பத்துக்கு ஒரு சாபம், ராத்திரியில எங்கயோ நாய் ஊளையிடும், அப்ப பாத்து வெளியூர்லருந்து துப்பறியிற ஆள் ஒருத்தர் வந்து எறங்குவாரு, இதெல்லாம் இருந்தா எனக்கு சோறு தண்ணி வேணாம். இங்கிலாந்து ஹாமர் கம்பெனி எடுத்த பேய் படம், பாசில் ராத்போன் ஷெர்லாக் ஹோம்ஸா நடிச்ச படம், வின்சென்ட் பிரைஸ் படம், தமிழ்ல 'அதே கண்கள்' (1967) வரைக்கும் எத்தன தடவ போட்டாலும் உக்காந்து பாப்பேன்.

இப்ப பிரச்சன என்னன்னா தம்பி. 19 வயசு ஆவுது, தாய்லாந்து பேய் படம் இந்தோனேசிய பேய் படம் எது வந்தாலும் மொத நாளே தியேட்டர்ல நிப்பான். அவன் கேக்குறான், "பேயி சாபம்னு ஒன்றர மணி நேரம் பயம் காட்டிட்டு கடைசியில சொத்துக்காக சொந்தக்காரன் பண்ண வேலன்னு முடிக்கிறாங்க, இது ஏமாத்து வேல இல்லையா? பேய் படம்னா பேய் இருக்கணும், துப்பறியும் படம்னா பேய் எதுக்கு?" எனக்கு சட்டுன்னு பதில் சொல்ல வரல, ஆனா அவன் சொல்றது தப்புன்னு மட்டும் தெரியுது. முடிவு தெரிஞ்ச படத்தையே நான் திரும்பத் திரும்ப பாக்குறேனே, அப்ப அதுல வேற ஏதோ இருக்கணும் இல்ல? உங்களுக்கு இந்த படங்கள்ல எது புடிச்சு இழுக்குது? அப்படியே அவனுக்கு ஒரே ஒரு படம் போட்டுக் காட்டணும்னா எத போடலாம்னும் சொல்லுங்க.

செந்தூல்_அங்கள்:

தங்கச்சி, தம்பி கேட்டது நல்ல கேள்வி, ஆனா பயம் எங்க இருக்குன்னு அவரு பாத்த எடம் தான் சரியில்ல. துப்பறியிற ஆளு கடைசியில சொல்ற பதில் பயத்த கொறைக்குதுன்னு அவரு நெனக்கிறாரு, நல்ல கதையில அந்த பதில் தான் பயத்த கூட்டும்.

பாஸ்கர்வில் நாய்ங்கிற ஹோம்ஸ் கதையவே எடுத்துக்குங்க, 1901லயும் 1902லயும் ஸ்ட்ராண்ட் பத்திரிகையில தொடரா வந்தது. பேய் நாய் சாபம் இருக்கிற பாஸ்கர்வில் குடும்பத்தோட வாரிசு சர் ஹென்றி லண்டன் ஓட்டல்ல தங்கியிருக்கும்போது அவரோட பூட்ஸ்ல ஒன்னு காணாம போவும். புதுசா வாங்குனது, இன்னும் ஒரு தடவ கூட கால்ல போடல. ஒத்த பூட்ஸ எவன் திருடுவான்? எல்லாருக்கும் எரிச்சல் தான் வருது. அப்புறம் ஒரு பழைய பூட்ஸ் காணாம போவும், மொதல்ல தொலஞ்ச புது பூட்ஸ் ரூம்லயே அலமாரிக்கு அடியில கெடக்கும். படிக்கும்போது இத சும்மா தாண்டிப் போயிடுவோம். ஆனா பின்னாடி விசயம் தெரியும்போது முதுகுத்தண்டு சில்லுன்னு ஆயிடும், ஏன்னா புது பூட்ஸ்ல மனுச வாசன கெடையாது, பழசுல தான் இருக்கும், நாய்க்கு மோப்பம் காட்ட அது தான் தேவ. அதாவது இந்த மனுசன் ஓட்டல்ல உக்காந்து டீ குடிச்சிட்டு இருக்கும்போதே ஒருத்தன் இவரோட சாவுக்கு ஏற்பாடு பண்ணிட்டு இருக்கான், செருப்பு மாத்துற மாதிரி அவ்ளோ நிதானமா.

அந்த நாயே பாருங்க, நரகத்துலருந்து வந்தது இல்ல, லண்டன்ல கடையில காசு குடுத்து வாங்குனது. ஊர்க்காரங்க கண்ணுல படக்கூடாதுன்னு அத அந்த பங்களா இருக்கிற டார்ட்மூர் பொட்டல் வழியாவே ரொம்ப தூரம் நடத்தியே கூட்டிட்டு வந்து, புதசேத்துக்கு நடுவுல பழைய சுரங்கத்துல வச்சு வளத்து, பாஸ்பரஸ் தடவி விட்டிருக்கான். பேய் ஒன்னு வந்து அடிச்சா நம்ம தலையெழுத்துன்னு விட்டுடலாம், நம்மகிட்ட என்ன பகன்னு யோசிக்கக்கூட தேவையில்ல. ஆனா ஒங்க தாத்தா காலத்துல இருந்து ஊருல சொல்ற ஒரு பேய் கதைய ஒருத்தன் கேட்டுட்டு, அட இது நமக்கு உபயோகப்படுமேன்னு நெனச்சான் பாருங்க, அந்த நெனப்பு தான் கொடூரம். இத தம்பிகிட்ட கேளுங்க, பேய் இருக்கிற வீட்டுல தூங்குறது பயமா, இல்ல பேய் இருக்குன்னு உன்ன நம்ப வைக்கிறதுக்காகவே பக்கத்துல ஒருத்தன் சிரிச்சுப் பேசிட்டு இருக்கிற வீட்டுல தூங்குறது பயமா?

நிழலும்_ஒளியும்:

அங்கள் சொன்னது கதைக்கு சரி, ஆனா படமா பாக்கும்போது என்ன இழுக்கிறது வேற. நான் பிரிக்ஃபீல்ட்ஸ்ல கல்யாண வீடியோ எடிட்டிங் பண்றேன், அதனால லைட் தான் எனக்கு மொதல்ல கண்ணுல படும். 1939ல ராத்போன் நடிச்சு வந்த பாஸ்கர்வில் படத்துல அந்த பொட்டல் வெளி முழுக்க ஃபாக்ஸ் கம்பெனி ஸ்டூடியோவுக்குள்ள போட்ட செட். பாறை, புதசேறு, கல்லு கட்டடம் எல்லாத்தையும் கூரைக்கு கீழ கட்டி புகைய விட்டிருக்காங்க. புகை எதுக்குன்னா செட் எங்க முடியுதுன்னு தெரியக்கூடாது, ஆனா அது பாக்குற நமக்கு என்ன பண்ணுதுன்னா அஞ்சடிக்கு அந்தாண்ட என்ன இருக்குன்னே தெரியாம போயிடுது, ஹோம்ஸுக்கும் தெரியல நமக்கும் தெரியல, ரெண்டு பேரும் ஒரே எடத்துல நிக்கிறோம்.

1959ல ஹாமர் எடுத்தாங்களே, டெரன்ஸ் ஃபிஷர் டைரக்சன், ஹோம்ஸ் கதையில மொத கலர் படம் அது. ஜாக் ஆஷர் கேமரா. அவரு லைட் பண்றத பாத்தீங்கன்னா காரணமே இல்லாத எடத்துல மூலையில ஒரு பச்ச, தூணுக்கு பின்னாடி ஒரு ஊதா வச்சிருப்பாரு, ஏன் அங்க பச்ச வெளிச்சம் வருதுன்னு யாரும் கேக்க மாட்டோம், ஆனா அந்த ரூமுல ஏதோ சரியில்லன்னு மனசு சொல்லிடும். ஹாமரோட பிரே ஸ்டூடியோவே தேம்ஸ் ஆத்தோரம் இருந்த ஒரு பழைய மாளிகை தான், அத சுத்தி தான் ஸ்டூடியோவா வளத்தாங்க, காசு கம்மி எடம் கம்மி, அதனால எல்லாமே கொஞ்சம் நெருக்கமா கைக்கு எட்டுற தூரத்துல இருக்கும், அது தான் படத்துக்கு பலம்.

அதுல ஹோம்ஸா நடிச்ச பீட்டர் குஷிங் பத்தி சொல்லியே ஆவணும். மனுசன் கைய சும்மா வச்சிருக்க மாட்டாரு, பைப்ப எடுப்பாரு, கடிதத்த மடிப்பாரு, பூதக்கண்ணாடிய தேடுவாரு, எல்லாத்துக்கும் ஒரு அர்த்தம் இருக்கும். நடிக்கிறதுக்கு முன்னாடியே ஹோம்ஸ் கதைங்க மேல பெரிய பைத்தியம் அவரு, 1968ல பிபிசி தொடர்லயும் ஹோம்ஸா வந்தாரு. சுத்தி இருட்டு, சாபம், ஊளைன்னு இருக்கும்போது நடுவுல ஒரு ஆள் மட்டும் ஒவ்வொரு பொருளையும் கையில எடுத்து உத்துப் பாக்குறாரு பாருங்க, அது எனக்கு ஒரு பெரிய தெம்பு குடுக்கும். நாய் மட்டும் கொஞ்சம் சுமார், கிரேட் டேன் நாய்க்கு முகமூடி மாட்டி விட்டிருக்காங்க, தம்பி அந்த எடத்துல சிரிச்சா விட்டுடுங்க.

பத்துமலை_பையன்:

நான் உங்க தம்பி கட்சிக்கா. பாதி படங்கள்ல அந்த விளக்கம் நொண்டி விளக்கம் தான். மூடுன கதவு வழியா வெள்ள சேல எப்படி போச்சு, ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல எப்படி தெரிஞ்சிச்சு, ஒன்னத்துக்கும் பதில் சொல்லாம போலீஸ் ஜீப்ப கொண்டாந்து நிறுத்தி சுபம் போட்டுடுவாங்க, அத தான் ஏமாத்து வேலன்னு நானும் சொல்றேன்.

எனக்கு புடிச்சது 1957ல ஜாக் டூர்னர் எடுத்த 'நைட் ஆஃப் த டீமன்'. அதுலயும் துப்பறியிற மாதிரி தான், அமெரிக்காவுலருந்து ஒரு மனோதத்துவ ஆளு இங்கிலாந்துக்கு வருவாரு, மந்திரம் தந்திரம் எல்லாம் பொய்யின்னு நிரூபிக்க. படம் போகப் போக அவரோட நம்பிக்க தான் ஒவ்வொரு செங்கல்லா உருவப்படும். அதுல பூதம் நெசம். இதுல விசேசம் என்னன்னா டூர்னருக்கு அந்த பூதத்த அப்படி முழுசா காட்ட இஷ்டமே இல்ல, தயாரிப்பு பக்கம் புடிவாதமா சேத்தாங்க. இப்ப பாத்தாலும் பூதம் வர்ற சீன விட, காத்துல ஒரு துண்டு பேப்பர் தானா பறந்து நெருப்பு பக்கம் போவ பாக்குற சீன் தான் எனக்கு தூக்கம் கெடுத்தது.

ஆனா ஒன்னு, விளக்கம் குடுக்குற படத்துலயும் 'யார் நீ?' (1966) விதிவிலக்கு. இந்தியில 'வோ கௌன் தீ' (1964), அதோட தமிழ் தான். ஜெய்சங்கர், ஜெயலலிதா. "நானே வருவேன்"னு சுசீலா கொரல் எங்கருந்தோ வரும் பாருங்க, கொரல் வர்ற தெசைய பாத்து ஆளு நடப்பாரு. கடைசியில மர்மம் ஒடஞ்ச பெறகும் அந்த பாட்டு மட்டும் ஒடையல, இன்னிக்கும் ராத்திரி தனியா வண்டி ஓட்டும்போது அத போட மாட்டேன்.

கரும்புத்தோட்டத்துக்காரி:

நீங்க எல்லாம் படத்த பாத்து பயந்தவங்க, நான் பொறந்து வளந்தது நிபோங் திபால் பக்கம் தோட்டத்துல. 99 கதவு பங்களா தெரியும்ல? கலிடோனியா தோட்டத்துல ராம்ஸ்டன் குடும்பம் கட்டுனது, ரூமு பத்து தான் இருக்கும், கதவு மட்டும் அத்தன. 1948ல ஜான் ராம்ஸ்டன்னு அந்த குடும்பத்து தொரைய அங்கயே கொன்னுட்டாங்க. அந்த சுத்து வட்டாரத்துல பேய் கத சொல்லாத ஆளே கெடையாது, எங்க பாட்டி அந்த பங்களா பேர கூட இருட்டுல சொல்ல மாட்டாங்க. ஆனா கொஞ்சம் யோசிச்சு பாருங்க, அங்க நடந்தது ஒரு கொல, ஜனங்க கிட்ட மிஞ்சி நிக்கிறது பேய் கத. துப்பறியிற ஆளு வந்து முடிச்சு வைக்காத எடத்துல எல்லாம் பேய் தான் குடி வருது. அதனால இந்த மாதிரி படத்துல ஒருத்தர் வந்து, உக்காந்து, எல்லாரையும் கூப்புட்டு, இது தான் நடந்துச்சுன்னு சொல்லும்போது எனக்கு நெஞ்சு நெறைஞ்சிடும். தம்பிக்கு அது ஏமாத்தமா தெரியலாம், எனக்கு அது நியாயம் கெடச்ச மாதிரி.

இன்னொன்னு சொல்றேன், இத யாரும் பேசுறது இல்ல. பங்களா கதைய நாம எல்லாம் தொர கண்ணுல தான் பாக்குறோம். பாஸ்கர்வில் கதையில வேலக்காரர் பேரிமோர் ராத்திரி எல்லாரும் தூங்குன பெறகு மெதுவா நடந்து போயி ஜன்னல்ல மெழுகுவத்திய புடிச்சு வெளிய இருட்ட பாத்துட்டு நிப்பாரு. ஹோம்ஸோட கூட்டாளி வாட்சனுக்கு சந்தேகம், நமக்கும் இவன் தான் கொலகாரன்னு தோணும். உண்ம என்ன? அவரோட சம்சாரத்தோட தம்பி, ஜெயில்லருந்து தப்பிச்சு அந்த பொட்டல்ல ஒளிஞ்சிட்டு இருக்கான், சாப்பாடு தயார்னு அவனுக்கு காட்டுற சைகை அது. அவ்ளோ தான். வாட்சனும் நாமளும் சந்தேகப்பட்ட அந்த வெளிச்சம் ஒரு அக்கா தம்பிக்கு சோறு குடுக்கிற வெளிச்சம். தோட்டத்து ஜனங்க குடியிருக்கிற லயத்துல இருந்து பங்களாவுக்கு வேலைக்கு போன வீட்டு பொம்பளைங்களுக்கு இது நல்லா புரியும், எங்க அத்த பங்களாவுல சமையல் கட்டுல இருந்தவங்க, தொர வீட்டுக்கு ஒரு கத, லயத்துக்கு ஒரு கதன்னு ரெண்டையும் தெரிஞ்சவங்க அவங்க தான்.

பத்து காஜா போறவங்க கெல்லி கோட்டையையும் பாத்துட்டு வாங்க. அத கட்ட ஆரம்பிச்ச தொர வில்லியம் கெல்லி ஸ்மித் 1926ல லிஸ்பன்ல செத்துப் போனதுல கோட்ட பாதியிலயே நின்னுச்சு. கட்டுனது நம்ம தமிழ் ஜனங்க, விசக் காய்ச்சல்ல நெறைய பேர் போயிட்டாங்க, அதுக்கப்புறம் தான் பக்கத்துல மாரியம்மன் கோயில் கட்டுனாங்க, கோயில் கூரையில தொர செல கூட இருக்கு. டூரிஸ்ட் எல்லாம் கோட்டைக்குள்ள பேய் தேடுறாங்க, நான் அந்த கோயில்ல தான் ரொம்ப நேரம் நின்னேன்.

மூடுபனி_ரசிகை:

அக்கா, பேரிமோர் மெழுகுவத்தி சீன நான் எத்தனையோ தடவ பாத்திருக்கேன், இந்த பக்கத்துலருந்து பாத்ததே இல்ல. இத படிச்சு முடிச்சு எங்க அம்மாகிட்ட வாசிச்சு காட்டுனேன், அவங்களும் சுங்கை பட்டாணி பக்கம் தோட்டம் தான், உடனே அவங்க பங்களா கத ஒன்ன ஆரம்பிச்சிட்டாங்க. எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தம்பிகிட்ட அங்கள் சொன்ன பூட்ஸ் விசயத்த சொன்னேன், மொத தடவையா எதுத்து பேசாம "ம்ம்"னான். இப்ப எந்த படம்னு மட்டும் முடிவு பண்ணணும். 1959 ஹாமர் படத்த போடவா, இல்ல 'யார் நீ?' போடவா?

செந்தூல்_அங்கள்:

ரெண்டும் வேணாம்மா மொதல்ல. 1944ல வந்த 'ஸ்கார்லெட் கிளா' போடுங்க, ராத்போன் படம், 74 நிமிசம் தான், ஃபோன நோண்ட நேரம் இருக்காது. கனடாவுல கியூபெக் பக்கம் ஒரு சின்ன கிராமம். படம் ஆரம்பிக்கும்போதே ராத்திரி, சாராயக் கடையில ஊர் ஜனங்க உக்காந்திருக்காங்க, கோயில் மணி அடிச்சிட்டே இருக்கு. எவனும் எந்திரிச்சு போய் பாக்க மாட்டேங்குறான். கடைசியில பாதர் தான் கெளம்பிப் போறாரு. உள்ள ஒரு அம்மா மணிக் கயித்த புடிச்ச புடியோட செத்துக் கெடக்காங்க, உதவிக்கு கூப்புட்டிருக்காங்க, ஊரு பயந்துகிட்டு உக்காந்திருந்துச்சு. அந்த அம்மாவ கொன்னதுல பேய் பயத்துக்கும் பங்கு இருக்குன்னு மொத அஞ்சு நிமிசத்துலயே சொல்லிட்டாங்க. தம்பி கேட்ட கேள்விக்கு இத விட நேரா பதில் சொன்ன படம் எனக்கு தெரிஞ்சு இல்ல.

பத்துமலை_பையன்:

ஸ்கார்லெட் கிளாவுக்கு நானும் ஓட்டு போடுறேன், அதுல விளக்கம் நொண்டல. சதுப்பு நெலத்துல பளபளன்னு ஒரு உருவம் ஓடுமே, அதுக்கும் ஒழுங்கா கணக்கு சொல்லிடுவாங்க.

மூடுபனி_ரசிகை:

சரி அப்ப அது தான். சனிக்கிழம ராத்திரி அம்மாவையும் உக்கார வச்சு போடுறேன். தம்பி என்ன சொன்னான்னு ஞாயித்துக்கிழம இங்கயே எழுதுறேன். கரும்புத்தோட்டத்து அக்கா, உங்க அத்த சொன்ன கதைங்கள தனி திரியா ஆரம்பிச்சு எழுதுங்களேன், எங்க அம்மாவும் கேக்க சொன்னாங்க.