டி.டி.எஸ். கருவி காட்டும் எண்ணை வைத்துக் குடிநீரை நம்பலாமா?

கேள்வி (பென்னாகரம் வட்டம்)

வணக்கம். எங்கள் ஊராட்சியில் சில நாட்கள் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரும், அது வராத நாட்களில் ஆழ்துளைக் கிணற்று நீரும் ஒரே மேல்நிலைத் தொட்டியில் ஏற்றப்பட்டு, ஒரே குழாயில் வருகின்றன. ஒன்பது வயதாகும் என் மகளின் முன்பற்களில் பழுப்புக் கோடுகள் தெரிகின்றன. அண்மையில் வந்த ஒரு விற்பனையாளர் டி.டி.எஸ். கருவியைத் தம்ளரில் விட்டு 480 என்று காட்டினார். பிறகு இரண்டு கம்பிகள் உள்ள மின்கருவியை அதில் முக்கியதும் தண்ணீர் செம்பழுப்பாகக் கலங்கிவிட்டது. கொதிக்க வைத்தால் போதுமா, ஆர்.ஓ. இயந்திரம் வாங்கத்தான் வேண்டுமா?

பதில் 1

அந்தக் கம்பி வித்தையை முதலில் மறந்துவிடுங்கள். மின்சாரம் பாயும்போது இரும்புக் கம்பியே கரைந்து துருவாகத் திரள்கிறது. உப்பு நீக்கிய ஆர்.ஓ. நீரில் மின்சாரம் சரியாகப் பாயாததால் அது மட்டும் தெளிவாக நிற்கிறது.

டி.டி.எஸ். என்பது கரைந்துள்ள உப்புகளின் மொத்தக் கணக்கே தவிர, எந்த உப்பு எவ்வளவு என்பதைச் சொல்லாது. இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 இன்படி அது லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதி உண்டு. பற்களில் இப்படிப் பழுப்புக் கோடு விழக் காரணமாகக்கூடிய ஃப்ளோரைடுக்கோ எல்லை லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 1.5. ஆகவே 480 என்ற எண்ணுக்குள் 3 மில்லிகிராம் ஃப்ளோரைடு இருந்தாலும் அந்தக் கருவிக்குத் தெரியப்போவதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிப் பாறைகளில் உள்ள ஃப்ளோரைடு, சுண்ணாம்புச் சத்து குறைந்து காரத்தன்மை மிகுந்த நீரில்தான் கூடுதலாகக் கரைகிறது என்பதால், பருப்பு நன்றாக வேகிறது, சோப்பு நுரைக்கிறது என்று கிணற்று நீரை நம்பிவிடவும் முடியாது.

கொதிக்க வைப்பது கிருமிகளைக் கொல்லும். ஃப்ளோரைடும் நைட்ரேட்டும் ஆவியாவதில்லை. நீர் சுண்டச் சுண்ட அவற்றின் செறிவு கூடவே செய்யும்.

பதில் 2

பல் மருத்துவம் பார்ப்பவள் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். நிலைத்த முன்பற்களின் எனாமல் ஈற்றுக்குள்ளேயே உருவாகும் குழந்தைப் பருவத்தில் குடித்த நீரைத்தான் அந்தக் கோடுகள் பெரும்பாலும் காட்டுகின்றன. இன்றைய குழாய் நீருக்கு அவை சான்றாகா. கோடுகளுக்கு வேறு காரணங்களும் உண்டு என்பதால் நேரில் காட்டிவிடுங்கள். ஃப்ளோரைடுதான் என்றால், நீரை மாற்றுவதால் வந்த கறை போகாது. ஆனால் வீட்டில் இளைய குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கு அது மிகவும் பயன்படும். பல ஆண்டுகள் மிகுதியாக உட்சென்றால் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும் என்பதால் பெரியவர்களுக்கும் இது பொருந்தும்.

பதில் 3

எங்கள் ஊராட்சியின் குடிநீர்க் குழுவில் இருக்கிறேன். குழாயில் ஒருமுறை மட்டும் பிடித்த நீர் மாதிரியை ஆய்வுக்குக் கொடுப்பதில் பயனில்லை, ஏனெனில் கலவை நாளுக்கு நாள் மாறுகிறது. தொட்டி ஆபரேட்டரிடம் எந்த நாளில் எது ஏறுகிறது என்று கேட்டு, கிணற்று நீரைத் தனியாகவும் ஒகேனக்கல் நீரைத் தனியாகவும் பிடித்து, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். கிருமிப் பரிசோதனைக்கு மட்டும் கிருமி நீக்கிய புட்டியை அங்கேயே கேட்டு வாங்க வேண்டும்.

கிருமியையும் அலட்சியம் செய்யாதீர்கள். பள்ளத்தில் இறக்கிய குழாய்களில், விநியோகம் நின்றதும் சுற்றியுள்ள சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. எங்கள் தெருவில் வயிற்றுப்போக்கு வந்ததெல்லாம் அப்படித்தான். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. ஆய்வு முடிவு வரும்வரை கிணற்று நீரைச் சமையலுக்கு மட்டும் பயன்படுத்தலாமா?

பதில் 1

வேண்டாம். சோறும் குழம்பும் அந்த நீரை அப்படியே இழுத்துக்கொள்ளும். ஒகேனக்கல் நீர் வரும் நாளில் குடிக்கவும் சமைக்கவும் பிடித்து மூடி வையுங்கள். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவக் கிணற்று நீர் போதும், தோல் வழியாக ஃப்ளோரைடு பொருட்படுத்தும் அளவுக்கு உள்ளே செல்வதில்லை. இரண்டு முடிவுகளும் கைக்கு வந்தபின் ஆர்.ஓ. பற்றி யோசிக்கலாம், அது ஃப்ளோரைடை நீக்கும் என்பது உண்மை, ஆனால் உள்ளே விடும் நீரில் பெரும்பகுதியைக் கழிவாக வெளியேற்றிவிடும்.