கறியும் சுற்றுச்சூழலும்னு போஸ்டர் பண்றேன், எந்த நம்பரை நம்பிப் போடறது?

கோட்டோவியன்:
விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) ஃபைனல் இயர்ங்க, கோயம்புத்தூர். ப்ராஜெக்ட்டுக்கு அஞ்சு போஸ்டர், ஏ2 சைஸ், கறி சாப்பிடறதால சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகுதுங்கறதுதான் தலைப்பு. கேன்டீன் வராண்டாலயே ஒட்டப்போறோம், அதனால பாக்கப்போறவங்க எல்லாம் கையில சிக்கன் ரைஸ் தட்டோட நிக்கற பசங்கதான் (நானும் அந்த கூட்டம்தான், சைவம் கிடையாது). நெட்ல தேடினா ஆளுக்கொரு நம்பர் சொல்றாங்க, மனுசனால வர்ற, பூமிய சூடாக்கற வாயுல கால்நடையோட பங்கு 18 சதவீதம்னு ஒருத்தன், 14.5னு ஒருத்தன், 51னு ஒருத்தன், ஒரு கிலோ மாட்டுக்கறிக்கு 15,000 லிட்டர் தண்ணின்னு ஒரு பக்கம். எதை எடுக்கறது? இன்னொண்ணு, பன்னுக்குள்ள பூமி உருண்டைய வச்சு பர்கர் மாதிரி ஒரு ஸ்கெட்ச் போட்டேன், கைடு பாத்துட்டு "இத எங்கயோ பாத்திருக்கேனே"ன்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க. டேட்டா, படம் ரெண்டுக்கும் ஐடியா கொடுங்க.

கார்பன்கணக்கு:
தம்பி, மொதல்ல அந்த 51ஐ தூக்கிப் போட்ரு. அது 2009ல வேர்ல்ட்வாட்ச் பத்திரிகைல வந்த ஒரு கட்டுரையோட கணக்கு, அதுல மாடு ஆடு மூச்சு விடற கார்பன் டை ஆக்சைடையும் சேத்து எண்ணிட்டாங்க. அந்த கார்பன் புல்லு காத்துல இருந்து எடுத்தது, திரும்ப காத்துக்கே போகுது, அதனால வழக்கமா யாரும் அதை எண்ணறதில்ல. மத்த ரெண்டும் ஐநா உணவு வேளாண் அமைப்பே சொன்னது, 2006 அறிக்கைல 18, 2013ல 14.5, 2023ல மறுபடி கணக்கு போட்டு கிட்டத்தட்ட 12. கணக்கு போடற முறையும் எடுத்துக்கற வருஷமும் மாறுனதால நம்பர் மாறுது, மாடு அசை போடறப்ப மீத்தேன் வாயுவ ஏப்பமா விடறத கொறச்சுக்கிச்சுன்னு அர்த்தம் இல்ல. போஸ்டர்ல புதுசையே போடு, பக்கத்துல வருஷத்தையும் போடு.

15,000 லிட்டர் ஒரு நிஜ ஆராய்ச்சில வந்த நம்பர்தான், ஆனா அதுல 90 சதவீதத்துக்கு மேல மேய்ச்சல் நிலத்துலயும் தீவனப் பயிர் மேலயும் பெய்யற மழைத்தண்ணி. நீ அதை குடிதண்ணி பாட்டிலா வரைஞ்சா பாக்கறவன் போர்வெல்ல இருந்து உறிஞ்சறாங்கன்னுதான் நெனைப்பான். எனக்கு அந்த நம்பரே வேணாம்.

நான்னா 2018ல சயன்ஸ் இதழ்ல போர், நெமெசெக் ரெண்டு பேரும் போட்ட ஆய்வை எடுப்பேன், 119 நாடு, சுமார் 38,700 பண்ணையோட டேட்டா. ஒரு கிலோவுக்கு எத்தன கிலோ வாயுன்னு பாத்தா, கறிக்காகவே வளக்கற மாடு 99, ஆடு 40, சீஸ் 24, கோழி 10, முட்டை அஞ்சுக்கும் கீழ, அரிசி நாலரை, பட்டாணி 1. கவனம், இதே ஆய்வை வச்சு மாட்டுக்கு 60, ஆட்டுக்கு 24, கோழிக்கு 6னு இன்னொரு சார்ட்டும் சுத்திட்டிருக்கு, ஒண்ணுல மாட்டையும் இன்னொண்ணுல கோழியையும் எடுத்து ஒரே படத்துல போட்ராத.

செவ்வாழை:
நம்பர்லாம் சரி, யார்கிட்ட பேசறோம்னு ஒரு தடவை யோசிச்சீங்களா ப்ரோ? மத்திய அரசோட 2014 எஸ்ஆர்எஸ் (மாதிரிப் பதிவு) சர்வேப்படி தமிழ்நாட்டுல 97 சதவீதத்துக்கு மேல அசைவம் சாப்பிடறவங்க. ஆனா வீடு வாடகைக்கு கேட்டா "சைவம் மட்டும்"னு போர்டு, மாட்டுக்கறி பேர சொன்னாலே எந்த சாதின்னு பாக்கற கண்ணு. இந்த ஊர்ல நீங்க மாட்ட பெருசா வரைஞ்சு செவப்புல ஒரு கோடு அடிச்சா அது கார்பன் போஸ்டரா படிக்கப்படாது, யாருக்கு ஆதரவா நிக்குதுன்னு உங்களுக்கே தெரியும். அதோட இங்க கிடைக்கற மாட்டுக்கறி பெரும்பாலும் எருமை, இல்லன்னா பால் வத்துன மாடு, உழவுக்கு ஓஞ்ச மாடு. கறிக்குன்னே வளக்கற மாட்டோட உலக சராசரி 99 இதுக்கு பொருந்தாது, அதே ஆய்வுல கறவை மந்தைல இருந்து வர்ற கறிக்கு 33தான். 2019 கணக்கெடுப்புல நாட்டுல மாடும் எருமையும் சேத்து 30 கோடி, அதுல பெரும்பாலும் பாலுக்காக வளக்கறதுதான். அப்ப பன்னீர் பட்டர் மசாலாவும் போஸ்டர்ல வரணும். வராதுன்னா இது சுற்றுச்சூழல் போஸ்டர் இல்ல.

இன்னொரு விஷயம், உலக சராசரி ஆளுக்கு வருஷத்துக்கு 40 கிலோவுக்கு மேல கறி, அமெரிக்காவுல 100க்கும் மேல, இந்தியாவுல பத்துக்கும் கீழ. வாரத்துல ஒரு நாள் ஞாயித்துக்கிழமை கறிக்கொழம்பு வைக்கற வீட்டப் பாத்து "பூமிய அழிக்கறே"ன்னா சிரிப்பாங்க.

கார்பன்கணக்கு:
செவ்வாழை சொல்றது நியாயம். ஆனா சராசரி கம்மிங்கறதால கேன்டீன் பசங்களுக்கு சொல்ல ஒண்ணுமே இல்லன்னு ஆயிடாது, நகரத்துல தெனம் சிக்கன் சாப்பிடறவன் அந்த சராசரில இல்ல. கோழிய எடுத்துக்க, அது அசை போடாது, அதனால மீத்தேன் கத பெருசா இல்ல, மொத்த கதையும் தீவனத்துல இருக்கு. பல்லடம் பக்கம் பிராய்லர் பண்ணைல ஒரு கிலோ உயிர் எடைக்கு ஒன்றரைல இருந்து ரெண்டு கிலோ தீவனம், மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும். 2021ல சோயா விலை எகிறுனப்ப 12 லட்சம் டன் மரபணு மாற்றுப் புண்ணாக்க இறக்குமதி பண்ண மத்திய அரசு அனுமதி கொடுத்துச்சு. அதாவது உன் தட்டுல இருக்கற லெக் பீஸுக்கு பின்னாடி ஏதோ ஒரு வயக்காடு இருக்கு. இத யாரும் வரைஞ்சு நான் பாக்கல.

கிடைக்காரன் பேரன்:
ஆடு 40ன்னு சொன்னீங்கள்ல, அதுல எனக்கு ஒரு பேச்சு இருக்கு. எங்க பக்கம் சிவகங்கைல அறுப்பு முடிஞ்ச வயல்ல கிடை போடுவாங்க, செம்மறி ராத்திரி பூரா அங்கயே அடையும், புழுக்கையும் மூத்திரமும் நெலத்துக்கு உரம், அதுக்கு நெலத்துக்காரர் ஆட்டுக்காரருக்கு நெல்லோ காசோ கொடுப்பார். அந்த ஆடு தின்னது அறுத்த தாளும் கரை ஓரத்துப் புல்லும், மனுசன் திங்கற சோளம் இல்ல, அந்த வயலுக்கு யூரியா மூட்டையும் கொறையும். ஏப்பத்துல மீத்தேன் வர்றது உண்மைதான் அத மறுக்கல, ஆனா உலக சராசரிய தூக்கி எங்க ஆட்டு தலைல வைக்காதீங்க. வரைஞ்சா கிடைய ஒரு போஸ்டரா வரைங்க.

அச்சுக்கூடம்:
டிசைன் பக்கம் யாரும் வரல போல, நான் வர்றேன். பூமி உருண்டை, கண்ணீர் விடற மாடு, ரத்தம் சொட்ற ஃபோர்க் மூணும் வேணாம். ஆடு கோழிய விட நாலு மடங்குன்னு காட்ட ஆட்ட உயரத்துல நாலு மடங்கு அகலத்துல நாலு மடங்கு ஆக்குவாங்க, பரப்பு 16 மடங்கு ஆயிடும், பொய் சொன்ன மாதிரிதான். 1920கள்ல வியன்னால ஓட்டோ நியூராத் இதுக்கு ஒரு வழி வச்சிருந்தார், பின்னால ஐசோடைப்னு பேர் வந்துச்சு, படத்த பெருசாக்காம ஒரே சைஸ் படத்தையே திரும்பத் திரும்ப அடுக்கறது. உனக்கு அதான் சரி. அஞ்சு தட்டு வரை, மட்டன் பிரியாணி, சிக்கன் பிரியாணி, பன்னீர், முட்டை, கொண்டக்கடலை, ஒவ்வொண்ணு மேலயும் ஒரே அளவு கரி உருண்டைய அடுக்கு. கிலோ கணக்கு வேணாம், யாரும் ஒரு கிலோ திங்கறதில்ல, ஒரு ஆள் சாப்பிடற அளவுக்கு மாத்து. பிரியாணில அரிசிக்கும் உருண்டை உண்டு, நெல்லு வயல்ல தேங்குன தண்ணில மீத்தேன் வருது, அத மறைக்காத.

தமிழ் எழுத்து பாத்துப் பண்ணு. இல்லஸ்ட்ரேட்டர் சாஃப்ட்வேர்ல தெற்காசிய கம்போசர (நம்ம எழுத்துகள சரியா சேக்கற செட்டிங்) ஆன் பண்ணலன்னா கொம்பும் காலும் பிச்சுக்கிட்டு நிக்கும். முக்த மலர் ஃபான்ட் தலைப்புக்கு நல்லா நிக்கும். தயவு செஞ்சு ஃப்ளெக்ஸ்ல அடிக்காத, அது பிவிசி, சுற்றுச்சூழல் போஸ்டர பிளாஸ்டிக்ல அடிச்சா கைடு வேணாம் கேன்டீன் அண்ணனே கேப்பார். 170 ஜிஎஸ்எம் பேப்பர், மைதா காய்ச்சி ஒட்டு.

கோட்டோவியன்:
எல்லாருக்கும் நன்றிங்க. அஞ்சு தட்டு ஐடியாவையே எடுத்துக்கறேன், ஆனா மொத்தத்தையும் ஒரே போஸ்டர்ல. மீதி நாலுல ஒண்ணு லெக் பீஸும் சோளக்காடும், ஒண்ணு பன்னீர், ஒண்ணு கிடை, ஒண்ணு இன்னும் முடிவாகல. ஆம்பூர் வாணியம்பாடி தோல் தொழிற்சாலைத் தண்ணி பாலாத்துல கலந்தத போடலாமான்னு யோசிக்கறேன், 1996ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே இருக்கே.

செவ்வாழை:
வேணாம் ப்ரோ, அது குரோமியம், தோல் பதனிடற விஷயம், செருப்பு போடற சைவக்காரரும் அதுல இருக்கார். அதுக்கு தனியா ஒரு சீரிஸ் பண்ணலாம். அந்த அஞ்சாவதுல எத்தன பேர் எவ்வளவு கறி சாப்பிடறாங்கன்னு நாடு வாரியா போடுங்க.

கோட்டோவியன்:
சரிங்க. ஒரே ஒரு டவுட்டு, ஒரு ஆளுக்கு 150 கிராம்னு எடுத்தா மட்டனுக்கு 6 கிலோ, சிக்கனுக்கு ஒன்றரை கிலோ வருது. அந்த 150 எலும்போடவா, எலும்பு இல்லாமயா?

கார்பன்கணக்கு:
எலும்பும் கொழுப்பும் நீக்குன கறிக்குத்தான் அந்த கணக்கு. கடையில வெட்டித் தர்ற எலும்புக் கறின்னா அதை விட கம்மியா வரும். "எலும்பில்லாக் கறி 150 கிராம்"னு தட்டுக்கு கீழயே சின்னதா போட்டுடு, கசாப்புக் கடைக்காரர் வீட்டுப் பையன் எவனாவது வந்து கேப்பான்.