பழைய மருத்துவமனைக் கட்டடத்துக்கு டிஜிட்டல் ட்வின் தேவையா?

கோவை_பராமரிப்பு:
வணக்கம். 300 படுக்கை உள்ள மருத்துவமனையில் பராமரிப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பழைய கட்டடம், இரண்டு முறை ஒட்டுப்போட்டு விரிவாக்கியிருக்கிறார்கள். ஒரு நிறுவனம் வந்து, டிஜிட்டல் ட்வின் (கட்டடத்தின் நேரடித் தரவோடு இணைந்த கணினி மாதிரி) என்று மொத்தக் கட்டடத்தையும் திரையில் சுழற்றிக் காட்டியதில் நிர்வாகத்துக்கு ஆசை வந்துவிட்டது. பிஎம்எஸ் (ஏசி போன்ற கட்டட இயந்திரங்களைக் கண்காணிக்கும் கணினி அமைப்பு) ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தாண்டி இதில் என்ன கிடைக்கும்? எதில் தொடங்குவது?

சில்லர்மணி:
ஏஎச்யூ (அறைகளுக்குக் குளிர்ந்த, வடிகட்டிய காற்றை அனுப்பும் இயந்திரம்) ஓடுகிறதா, எத்தனை டிகிரி என்பதை பிஎம்எஸ் சொல்லும். அதை நிறுத்தினால் எந்தெந்த அறைக்குக் காற்று போகாது என்று ட்வின் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அது வெறும் 3டி படம்தான். ஆபரேஷன் தியேட்டரைப் பாருங்கள்: வெளியே இருப்பதைவிட உள்ளே குறைந்தது 2.5 பாஸ்கல் அழுத்தம் கூடுதலாக வேண்டும், மணிக்கு 20 முறை காற்று மாற வேண்டும். நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் அடைக்க அடைக்க விஎஃப்டி என்ற வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மோட்டார் வேகத்தைக் கூட்டிச் சமாளித்துக்கொண்டே போகும், அறைக்குள் எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஃபில்டரின் அழுத்த வேறுபாடு, மோட்டார் வேகம், அறை அழுத்தம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும், ஆபரேஷன் இல்லாத நாளாகப் பார்த்து ஃபில்டரை மாற்றலாம்.

வால்வு_தேடி:
ஆக்ஸிஜன் லைனில் தொடங்குங்கள் சார். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் டிராயிங்படி வால்வு நர்ஸ் ஸ்டேஷன் பக்கம் இருக்க வேண்டும், ஆனால் உண்மையில் அது ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே கேபிள் ட்ரேக்குப் பின்னால் இருந்தது, ஏணி போட்டுக் கையை விட்டுத் துழாவினால்தான் கிடைக்கும். இப்படிப்பட்ட டிராயிங்கை வைத்து ட்வின் செய்தால் தப்பு அப்படியே திரைக்குப் போகும், அதை நம்பி யாராவது வேறு வால்வை மூடினால் ஐசியூ என்ன ஆகும்? பழைய பிளம்பர் ஓய்வு பெறுவதற்குள் அவரைக் கூட்டிக்கொண்டு மாடி மாடியாக நடங்கள், ஒவ்வொரு வால்வுக்கும் எண் போட்டு எந்த வார்டுக்குப் போகிறது என்று எழுதுங்கள்.

கோவை_பராமரிப்பு:
நன்றி சார். அப்புறம், மாற்றங்களை யார் பதிவு செய்வது? எங்களிடம் ஆள் குறைவு.

சில்லர்மணி:
தனி ஆள் வேண்டாம். குழாயோ கேபிளோ மாற்றினால், மாடலில் திருத்தும்வரை அந்த வேலைக்கான ஒர்க் ஆர்டரை மூடக் கூடாது, கான்ட்ராக்டர் பில்லும் அதுவரை நிற்கட்டும். ட்வினுக்கு பிஎம்எஸ்ஸிலிருந்து தரவைப் படிக்க மட்டும் அனுமதி கொடுங்கள். மாடலை ஐஎஃப்சி கோப்பாக (வேறு நிறுவன மென்பொருளிலும் திறக்கக்கூடிய பொது வடிவம்) உங்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.