தீராத வாயுத் தொல்லை: புரோபயாட்டிக்கைத் தொடரலாமா, உணவில் எதை மாற்றுவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். பல மாதங்களாக வயிற்று உப்புசத்தாலும் வாயுவாலும் அவதிப்பட்டு வருகிறேன். காலையில் எழும்போது வயிறு இயல்பாகத்தான் இருக்கிறது. நண்பகல் உணவுக்குப் பின் மெல்ல உப்பத் தொடங்கி, மாலைக்குள் உடையைத் தளர்த்திக்கொள்ள வேண்டிய அளவுக்கு வந்துவிடுகிறது. வலி அதிகம் இல்லை. மலம் சில நாள்களில் இறுகிப்போகிறது. கழித்தபின் ஓரளவு ஆறுதல் கிடைக்கிறது. எடை குறையவில்லை, இரத்தப்போக்கும் இல்லை.

குடலுக்கு நல்லது என்று கேள்விப்பட்டு, பத்துக்கும் மேற்பட்ட பாக்டீரியா வகைகள் கொண்ட, 5,000 கோடி உயிரணுக்கள் இருப்பதாக உறையில் அச்சிட்ட புரோபயாட்டிக் கேப்சூலை எடுத்துக்கொள்ளத் தொடங்கினேன். வாயு குறைவதற்குப் பதிலாகக் கூடியிருப்பதாகவே தோன்றுகிறது. அதே சமயம் நார்ச்சத்தைப் பெருக்க வேண்டும் என்று பயறு வகைகள், முழுக்கோதுமை ரொட்டி, ஆப்பிள் ஆகியவற்றை நாள்தோறும் சேர்த்துக்கொண்டேன். இனிப்பைக் குறைக்கச் சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லுகிறேன். காலையில் பால் குடிக்கிறேன். கேப்சூலை மாற்றிப் பார்ப்பதா, நிறுத்துவதா? உணவில் எதை விலக்கினால் பயன் கிடைக்கும்? கோதுமையை முழுவதுமாக விட்டுவிடலாம் என்றும் எண்ணியிருக்கிறேன். அனுபவமும் அறிவும் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முதல் மறுமொழி

வயிற்றுக்கு நன்மை தரும் என்று நம்பி நீங்கள் சேர்த்துக்கொண்டவற்றில் பெரும்பாலானவை குடலில் வாயுவை மிகுதியாக உண்டாக்கக்கூடியவை. அவை தீய உணவுகள் அல்ல. எல்லாவற்றையும் ஒரே காலத்தில் கூட்டியதுதான் இப்போதைய தொல்லையைப் பெருக்கியிருக்கும் என்பது என் கருத்து.

வாயு பெரும்பாலும் இரண்டு வழிகளில் சேர்கிறது. ஒன்று, நாம் விழுங்கும் காற்று. அதில் பெரும்பகுதி ஏப்பமாக வெளியேறிவிடும். மற்றொன்று, சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்கு இறங்கும் மாவுச்சத்தையும் சர்க்கரைகளையும் அங்குள்ள பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்யும்போது உண்டாகும் ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சிலரிடம் மீத்தேன். இவற்றுக்கு மணம் கிடையாது; மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் கந்தகச் சேர்மங்களே நாற்றத்துக்குக் காரணம். நலமாக உள்ளவர்களுக்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை வாயு பிரிகிறது. 10 முதல் 20 முறை பிரிவது இயல்பு. ஆகவே வாயுவை அறவே ஒழிக்க முயல வேண்டாம். உங்கள் அன்றாட வாழ்க்கைக்கு இடையூறு செய்யாத அளவுக்கு அதைக் கொண்டுவருவதே போதுமானது.

இனி உங்கள் உணவுக்கு வருகிறேன். பயறு வகைகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்னும் சர்க்கரைகள் உள்ளன. அவற்றைப் பிளக்கும் ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் என்ற நொதி மனிதச் சிறுகுடலில் சுரப்பதில்லை என்பதால், யார் சாப்பிட்டாலும் அவை பெருங்குடலைச் சென்றடைகின்றன. நன்றாக ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புதிய நீரில் வேகவைத்தால் அவற்றின் அளவு குறையும். ஆப்பிளில் குளுக்கோஸைவிட ஃபிரக்டோஸ் மிகுதி. போதாக்குறைக்கு, குடல் முழுவதும் உறிஞ்சாத சார்பிட்டால் என்னும் இனிப்புப் பொருளும் உண்டு. சர்க்கரை இல்லாத சூயிங்கத்துக்கு இனிப்பூட்டுவதும் பெரும்பாலும் சார்பிட்டால், சைலிட்டால் போன்றவையே. அதை மெல்லும்போது காற்றையும் சேர்த்து விழுங்குவதால், அது இரு வழிகளிலும் வாயுவைக் கூட்டுகிறது. கோதுமை, வெங்காயம், பூண்டு ஆகியவற்றில் இருப்பவை ஃபிரக்டோஸ் சங்கிலிகளான ஃபிரக்டான்கள். பாலில் இருப்பது லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை.

குடலில் எளிதில் நொதிக்கும் இந்தச் சர்க்கரைகளையெல்லாம் ஒரே தொகுப்பாக ஃபாட்மேப் என்று அழைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் கிப்சனும் சூ ஷெப்பர்டும் 2005ஆம் ஆண்டில் இந்தக் கருத்தை முன்வைத்தனர். அதைச் சார்ந்த உணவுமுறையில் மூன்று கட்டங்கள் உண்டு: இரண்டு முதல் ஆறு வாரங்கள் வரை இவற்றைக் குறைப்பது, பின்னர் ஒவ்வொரு வகையாகத் திரும்பச் சேர்த்துச் சோதிப்பது, இறுதியில் தனக்கு ஒவ்வாததை மட்டும் ஒதுக்கி வைப்பது. பலர் முதல் கட்டத்திலேயே தங்கிவிடுகிறார்கள். அது எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது, ஏனெனில் அந்தக் கட்டத்தில் குடலுக்கு நன்மை தரும் பிஃபிடோபாக்டீரியாக்களின் எண்ணிக்கை குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன; அதாவது, கேப்சூலில் விலை கொடுத்து வாங்கும் அதே இனத்தை உணவுக் கட்டுப்பாட்டால் நாமே குறைத்துக்கொள்கிறோம்.

உங்களுக்கு முழுக் கட்டுப்பாடு இப்போது தேவையில்லை என்று நினைக்கிறேன். முதலில் சூயிங்கத்தை நிறுத்துங்கள். ஆப்பிளுக்குப் பதிலாக ஆரஞ்சு, கிவி, அதிகம் கனியாத வாழைப்பழம் ஆகியவற்றில் ஒன்றை உண்ணுங்கள். ஒரு வாரம் கழித்துப் பயறின் அளவைப் பாதியாக்குங்கள். அதற்கும் அடுத்ததாகப் பாலைச் சோதியுங்கள். லாக்டோஸைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி குறைந்தவர்களில்கூடப் பெரும்பாலோர் ஒரு வேளைக்கு 12 கிராம் லாக்டோஸ் வரை, அதாவது ஏறத்தாழ ஒரு கோப்பைப் பாலை, பெரிய சிரமமின்றித் தாங்குகிறார்கள் என்பதால், முற்றாக விலக்குவதற்கு முன் அளவைக் குறைத்துப் பார்ப்பது நல்லது. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் என்பதைக் கைவிடாதீர்கள். உண்டது, நேரம், அறிகுறி மூன்றையும் எழுதி வையுங்கள்; உணவு பெருங்குடலை அடையப் பல மணி நேரம் ஆகும் என்பதால், மாலை உப்புசத்துக்குக் காரணம் காலை உணவாகவும் இருக்கலாம்.

இரண்டாம் மறுமொழி

கோதுமையைப் பற்றி மட்டும் ஒரு சொல். பரிசோதனை செய்துகொள்ளாமல் அதை நிறுத்திவிடாதீர்கள். தொடர்ந்த உப்புசத்துக்கான காரணங்களில், கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயும் ஒன்று. அதைக் கண்டறியும் இரத்தப் பரிசோதனை, நீங்கள் குளூட்டன் உள்ள உணவை வழக்கம்போல் உண்டுகொண்டிருக்கும்போதுதான் நம்பத்தக்கது. நிறுத்திப் பல வாரங்கள் கழித்துச் சோதித்தால், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். முடிவு தெரிந்தபின் கோதுமையைக் குறைத்து, ஃபிரக்டான் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். மருத்துவரைப் பார்க்கும்போது நீங்கள் உட்கொள்ளும் மருந்துகளையும் சொல்லுங்கள். நீரிழிவுக்கான மெட்ஃபார்மின், அகார்போஸ், மலச்சிக்கலுக்கான லாக்டுலோஸ் போன்றவை தாமாகவே வாயுவை உண்டாக்கும்.

மூன்றாம் மறுமொழி

கேப்சூலைப் பற்றி விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனெனில் இந்தப் பொருளில் விளம்பரம் சொல்வதற்கும் சான்றுகள் சொல்வதற்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கிறது.

போதிய அளவில் உட்கொள்ளும்போது உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிரிகளே புரோபயாட்டிக் என்று உலக சுகாதார அமைப்பும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் 2001இல் கூட்டிய வல்லுநர் குழு வரையறுத்தது. நன்மை என்பது அந்தக் குறிப்பிட்ட திரிபுக்கு, அதாவது ஒரு சிற்றினத்துக்குள் உள்ள தனி வகைக்கு, மட்டுமே உரியது. ஒரே சிற்றினத்தைச் சேர்ந்த இரண்டு திரிபுகள் குடலில் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளலாம். ஆகவே உறையில் பேரினம், சிற்றினம் ஆகியவற்றோடு திரிபின் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். ‘பிஃபிடோபாக்டீரியம் லாங்கம் 35624’ என்பதில் கடைசியில் உள்ள எண்தான் அது. எண் இல்லாத உறையைக் கொண்டு, எந்த ஆய்வு அந்தப் பொருளுக்குப் பொருந்தும் என்று சொல்லவே முடியாது.

எண்ணிக்கை பெரிதாக இருந்தால் பயனும் பெரிதாக இருக்கும் என்று கருதுவதற்கும் ஆதாரம் இல்லை. மேலே சொன்ன அதே திரிபை, வயிற்று வலியும் மலப்போக்கில் மாற்றமும் அடிக்கடி வரும் எரிச்சல் குடல் நோயுள்ள (ஐ.பி.எஸ்.) பெண்களிடம் மூன்று அளவுகளில் சோதித்த ஆய்வு ஒன்று 2006இல் வெளியானது. அதில் 10 கோடி உயிரணுக்கள் கொண்ட நடு அளவே போலி மருந்தைவிட நற்பயன் தந்தது. அதைப்போல் நூறு மடங்கு கொண்ட கேப்சூல் பயன் தரவில்லை. அந்த அளவில் தூள் கெட்டிப்பட்டு, கேப்சூல் சரிவரக் கரையாமல் போனதே காரணம் என்று ஆய்வாளர்கள் விளக்கினர். எண்ணைவிட, பாக்டீரியா உயிரோடு குடலை அடைவது முதன்மையானது.

மருத்துவ அமைப்புகளும் ஒரே குரலில் பேசவில்லை. எரிச்சல் குடல் நோய்க்குப் புரோபயாட்டிக்கை ஆய்வுச் சூழலுக்கு வெளியே பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்க இரைப்பை குடலியல் சங்கம் 2020இல் சொன்னது. பிரிட்டனின் இரைப்பை குடலியல் சங்கம் 2021இல், ஒரு குறிப்பிட்ட வகையைப் பரிந்துரைக்க இயலாவிட்டாலும், விரும்புவோர் 12 வாரங்கள் வரை முயன்று பார்த்து, முன்னேற்றம் இல்லையேல் நிறுத்திவிடலாம் என்று கூறியது. எனக்கு இரண்டாவதே நடைமுறைக்கு ஏற்றதாகத் தோன்றுகிறது. முடிவு நாளைக் குறித்துக்கொண்டு தொடங்கும் முயற்சியாக மட்டும் அதைக் கருத வேண்டும்.

உங்கள் கேப்சூல் வாயுவைக் கூட்டியதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். பல பொருள்களில் பாக்டீரியாக்களுக்கு உணவாக இனுலினையோ ஃபிரக்டோ ஆலிகோசாக்கரைடையோ சேர்க்கிறார்கள், அவையும் ஃபிரக்டான் வகை நார்களே. உட்பொருள் பட்டியலைப் படித்துப் பாருங்கள். எப்படியாயினும் இப்போதைக்கு நிறுத்திவிட்டு, உணவு மாற்றங்களின் பயனைத் தெளிவாகக் கண்டபின், தேவைப்பட்டால் திரிபு எண் உள்ள, கூடுதல் நார்கள் இல்லாத ஒன்றைத் தனியாகச் சோதிக்கலாம். தயிர் ஒத்துக்கொண்டால் அதைத் தொடருங்கள். அதில் உயிருடன் இருக்கும் பாக்டீரியாக்கள் லாக்டோஸைச் செரிக்க உதவுகின்றன என்பதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் ஏற்றுக்கொண்டது. நோய் எதிர்ப்பாற்றல் மிகக் குன்றியவர்களும், பெரிய இரத்தக் குழாயில் ஊசிக்குழாய் பொருத்தப்பட்டவர்களும் மருத்துவரைக் கேளாமல் எந்தப் புரோபயாட்டிக்கையும் தொடக்கூடாது. அவர்களுக்கு அந்த நுண்ணுயிரிகளே இரத்தத்தில் கலந்து தொற்றாக மாறிய நிகழ்வுகள் பதிவாகியுள்ளன.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் என் நன்றி. உறையைப் பார்த்தேன், இனுலின் இருக்கிறது, திரிபு எண் எதுவும் இல்லை. சூயிங்கத்தையும் கேப்சூலையும் இன்றோடு நிறுத்துகிறேன். சீலியாக் பரிசோதனைக்கும் ஏற்பாடு செய்கிறேன். இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. வாயு அதிகம் பிரியாத நாள்களிலும் வயிறு வெளியே தள்ளிக்கொண்டு நிற்பது ஏன்? மற்றொன்று, அறுபது வயதைக் கடந்த என் தாயாருக்கும் அண்மைக் காலமாக உப்புசம் இருக்கிறது. சிறிதளவு உண்டதுமே வயிறு நிறைந்துவிடுகிறது என்கிறார். இதே உணவு மாற்றங்களை அவரும் பின்பற்றலாமா?

நான்காம் மறுமொழி

உங்கள் முதல் ஐயத்துக்கு விடை சொல்கிறேன். வயிறு பெரிதாவதற்கு வாயுவின் அளவு கூட வேண்டும் என்பதில்லை. உப்புசம் உள்ளவர்களைத் தொல்லை மிகுந்த வேளையில் சி.டி. ஸ்கேன் செய்து பார்த்த பார்சிலோனா ஆய்வாளர்கள், பலரிடம் வாயு சிறிதளவே கூடியிருக்க, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத் தசை கீழே இறங்கி, வயிற்றின் முன்சுவர்த் தசைகள் தளர்ந்திருப்பதைக் கண்டனர். குடலில் ஏற்படும் சிறிய அழுத்தத்துக்கு உடல் தவறாகக் காட்டும் எதிர்வினை இது. உணவுக்குப் பின் சிறிது தூரம் நடப்பதும், உதரவிதானத்தைப் பயன்படுத்தி மெதுவாக மூச்சுவிடப் பழகுவதும் சிலருக்கு உதவுகின்றன. முறையாகக் கற்றுத்தரும் பயிற்சியாளர் கிடைத்தால் இன்னும் நல்லது.

மலச்சிக்கலையும் சிறிதாக எண்ணாதீர்கள். மலம் தேங்கினால் வாயு நகர்வதும் தாமதமாகிறது, நொதித்தலுக்கும் கூடுதல் நேரம் கிடைக்கிறது. நார்ச்சத்து வேண்டுமென்றால் இசப்கோல் உமியைத் தேர்ந்தெடுங்கள்; மற்ற பல நார்களைவிட அது குறைவாகவே நொதிக்கும். சிறிய அளவில் தொடங்கி, போதிய தண்ணீருடன், வாரக் கணக்கில் மெதுவாகக் கூட்டுங்கள். மிகவும் முக்கி மலம் கழிக்க வேண்டியிருந்தாலோ, கழித்தபின்னும் மீதி இருப்பதாகத் தோன்றினாலோ, இடுப்புத் தளத் தசைகள் சரியாகத் தளர்கின்றனவா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். அந்தக் குறைபாட்டுக்கு உணவு மாற்றம் மட்டும் போதாது.

இரண்டாம் மறுமொழி எழுதியவர்

உங்கள் தாயாரின் நிலை வேறு. அவருக்கு எந்த உணவு மாற்றத்தையும் சொல்வதற்கு முன் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஐம்பது வயதைக் கடந்த பெண்ணுக்குப் புதிதாகத் தோன்றி நீடிக்கும் உப்புசம், சிறிது உண்டதுமே வயிறு நிறைவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உணர்வு ஆகியவை சூலகப் புற்றுநோயின் தொடக்க அறிகுறிகளாகவும் இருக்கக்கூடும். எரிச்சல் குடல் நோய் அந்த வயதில் முதன்முறையாகத் தலைகாட்டுவது அரிது என்பதால், வாயு என்று சொல்லித் தள்ளிப்போடக்கூடாது. பெரும்பாலும் காரணம் எளியதாகவே இருக்கும். ஆனால் அதைப் பரிசோதனைதான் உறுதிசெய்ய வேண்டும். சூலகப் புற்றுநோயில் கூடக்கூடிய ஒரு புரதத்தை அளக்கும் சி.ஏ. 125 என்னும் இரத்தப் பரிசோதனையும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் வழக்கமாகச் செய்யப்படுபவை. நோயின் தொடக்கத்தில் அந்த இரத்தப் பரிசோதனை இயல்பாகவே வரக்கூடும் என்பதால், தொல்லை நீடித்தால் மறுபடியும் செல்லுங்கள்.

இந்த வாரத்துக்குள் நேரம் வாங்கிவிடுங்கள். உப்புசம் எப்போது தொடங்கியது, மாதத்தில் எத்தனை நாள்கள் வருகிறது, பசியும் எடையும் குறைந்தனவா, குடும்பத்தில் யாருக்கேனும் சூலகப் புற்றுநோயோ மார்பகப் புற்றுநோயோ இருந்ததா என்பவற்றைத் தாயாரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.